கேளாமல் வந்த எண்

போனில் ஒரு மெசேஜ் வந்து விழுகிறது. ஆறு இலக்க எண் ஒன்று. அதைச் சுற்றி இரண்டு மூன்று வரி இங்கிலீஷ். போனுக்குச் சொந்தக்காரர் டிக்கெட் போடவில்லை, யாருக்கும் பணம் அனுப்பவில்லை, காஸ் பதியவில்லை. ஆனாலும் எண் வந்துவிட்டது. ஐந்து நிமிஷத்தில் ஒரு போன். "அம்மா, எனக்கு வரவேண்டிய நம்பர் தவறிப்போய் உங்களுக்கு வந்துவிட்டது, கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள்" என்று கெஞ்சுகிறது ஒரு குரல். "பாங்கிலிருந்து பேசுகிறோம், உங்கள் கணக்கை முடக்கப் போகிறார்கள், இப்போது வந்த நம்பரைச் சொன்னால் தடுத்துவிடலாம்" என்று மிரட்டுகிறது இன்னொரு குரல். முன்பு இந்தக் குரல்கள் இந்தியில் வந்தன. பிறகு தெலுங்கில் வந்தன. இப்போது நல்ல தமிழில், நம் வேலூர், திருவண்ணாமலைப் பேச்சிலேயே வருகின்றன.

சித்தூர், திருப்பதி இரண்டு மாவட்டங்களிலும் நம் கிளைகளுக்கு வரும் முறையீடுகளில், கூலி பாக்கிக்கும் ரேஷன் கார்டுக்கும் அடுத்த இடத்தை இது பிடித்துக்கொண்டுவிட்டது. ஆகவே இம்மாதத் தலையங்கத்தை இதற்கு ஒதுக்குகிறோம். "இது அரசியல் ஏடா, போன் ரிப்பேர் கடையா?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். மாங்கூழ்த் தொழிற்சாலையில் ஒரு சீசன் முழுவதும் நின்று உழைத்தவளின் கூலி ஒரே நிமிஷத்தில் கணக்கைவிட்டுப் போகிறது. "நீயே கொடுத்தாய், நீயே அனுபவி" என்று அவளை வெளியே அனுப்புகிறார்கள். இது அரசியல் இல்லையென்றால் வேறு எது அரசியல் என்று நாம் திருப்பிக் கேட்கிறோம்.

முதலில் அந்த எண் என்ன என்பது தெளிவாகட்டும். இணையத்தில் கார்டு வழியாகப் பணம் கட்டுவதற்கு, கார்டில் அச்சிட்ட விவரம் மட்டும் போதாது, இன்னொரு பூட்டும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமாக்கியது. அந்த இரண்டாவது பூட்டாக நம் நாட்டில் பரவிப்போனதுதான் ஓ.டி.பி. என்கிற ஒருமுறை எண். ரயில்வேயில் பழைய ஆட்களுக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம்: ஒற்றைப் பாதையில் டிரைவரிடம் கொடுக்கிற டோக்கன் இது. ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் நடுவே ஒரு நேரத்தில் ஒரே டோக்கன்தான் வெளியே வரும். அது கையில் இருப்பவன் வண்டியை எடுக்கலாம். இல்லாதவன் நிற்க வேண்டியதுதான். அடுத்த ஸ்டேஷனில் ஒப்படைத்தவுடன் அதன் வேலை முடிந்தது. ஓ.டி.பி.யும் அப்படித்தான். சில நிமிஷங்களுக்கு மட்டும் பாதை திறக்கும். திறந்த பாதையில் யார் வண்டி போகிறது என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. யார் கையில் இருக்கிறதோ அவன் வண்டி போகும்.

சரி, இதற்கு அரசாங்கமும் வங்கிகளும் சொல்கிற மருந்து என்ன? "ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள்." சுவரொட்டியில் அதுதான், ஏ.டி.எம். கதவில் அதுதான்.

இந்த வாசகம் உண்மையா என்று நாம் கேட்கிறோம். திருப்பதியில் வாழ்கிற ஒரு உழைப்பாளியின் ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் வாசலில் நின்று நம்பரைக் கேட்கிறார். சொன்னால்தான் சிலிண்டர் இறங்கும். பல நகரங்களில் 2020 முதல் இந்த முறைதான். பார்சல் கொண்டுவரும் பையனும் கேட்கிறான். ஆட்டோவைப் போனில் கூப்பிட்டால், ஏறியதும் டிரைவர் கேட்கிறார். இன்னும் தூரம் போவானேன், நாமே கேட்கிறோம்! 2025 ஜூலையில் இணையவழித் தத்கால் டிக்கெட்டுக்கு ஆதார் ஓ.டி.பி. கட்டாயமாயிற்று. அந்த ஆண்டின் கடைசியில் கவுண்ட்டரிலும் பல வண்டிகளுக்கு இந்த முறை வந்தது. பயணி எழுதிக்கொடுத்த போனுக்கு எண் போகும். அவர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கிற கிளார்க்குக்கு அதை உரக்கப் படித்துச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் டிக்கெட் அச்சாகும். சொல்ல மறுத்தால் டிக்கெட் இல்லை.

ஆக, காலையில் நான்கு பேரிடம் சொல்லப் பழக்குகிறார்கள். மாலையில் ஐந்தாவது ஆளிடம் சொல்லிவிட்டால் "எத்தனை தடவை சொன்னோம், புத்தியில்லையா" என்கிறார்கள். கேட்டதும் எண்ணைச் சொல்கிற பழக்கம் நம் மக்களுக்குப் பிறவியிலே வந்ததல்ல. ஆதார், ரேஷன், காஸ், வங்கி, ரயில் என்று ஒவ்வொரு வாசலிலும் நிறுத்திவைத்து ஏற்றிவிட்ட பழக்கம் அது. திருடன் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. இவர்கள் உழுது வைத்த நிலத்தில் விதைக்கிறான்.

ஆகவே "யாரிடமும் சொல்லாதே" என்பதை விட்டுவிட்டு, நடைமுறைக்கு ஒத்துவருகிற ஒரு கேள்வியைக் கிளைகளில் சொல்லிக்கொடுக்க வேண்டும். கேள்வி இதுதான்: இந்தக் காரியத்தைத் தொடங்கியது யார்? தத்கால் கவுண்ட்டருக்கு நடந்து வந்தவர் பயணி. படிவத்தை எழுதியவர் அவர். எண் வரும் என்று தெரிந்து காத்திருந்தவர் அவர். சிலிண்டர் பதிந்தவர் நாம். சிலிண்டர் கண்ணெதிரே வாசலில் இருக்கிறது. அங்கே எண்ணைச் சொல்வதில் குற்றமில்லை. நாம் எதையும் தொடங்காதிருக்க, எண் தானாக வந்தால், வேறு யாரோ நம் பெயரில் எதையோ தொடங்கியிருக்கிறார்கள் என்று பொருள். அந்த எண்ணுக்கு நம் வாய் திறக்கக்கூடாது. கெஞ்சினாலும், மிரட்டினாலும், ஊர்ப் பெயர் சொல்லி உறவு கொண்டாடினாலும் கூடாது.

கேளாமல் வருகிற எல்லா எண்ணும் திருட்டு என்றும் சொல்ல மாட்டோம். பயமுறுத்துவது நம் வேலையல்ல. எவரோ தம் எண்ணைப் பதியும்போது ஒரு இலக்கத்தைத் தப்பாகத் தட்டியிருக்கலாம். அப்படியானால் அவர் மறுபடி சரியாகத் தட்டிக்கொள்வார், நம்மை அழைக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அழைக்கிறார் என்றாலே சந்தேகப்பட வேண்டும். இரண்டாவது வகை, ஒருவனிடம் நம் போன் எண்ணும் கார்டு விவரமோ ரகசியச் சொல்லோ முன்பே சிக்கியிருக்கும். கடைசிப் பூட்டு ஒன்றுதான் பாக்கி. மூன்றாவது வகையில் எண்ணே தூண்டில். "இது நீங்கள் செய்யாவிட்டால் உடனே இந்த நம்பருக்குப் பேசவும்" என்று மெசேஜின் அடியில் ஒரு போன் எண் இருக்கும். பதறிப்போய் அழைத்தால் நேரே அவன் மடியில் விழுவோம்.

மூன்றில் எதுவானாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான், சும்மா இருப்பது. மெசேஜில் இருக்கிற இணைப்பைத் தொட வேண்டாம். அதிலுள்ள எண்ணுக்குப் பேச வேண்டாம். யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். நாம் சொல்லாதவரை அந்த எண் சில நிமிஷத்தில் தானே செத்துவிடும். அதன்பின் நிதானமாக, பாஸ்புக்கிலோ கார்டின் பின்புறத்திலோ அச்சிட்டிருக்கிற வங்கி எண்ணுக்கு நாமே பேசி, கணக்கில் ஏதும் அசைந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஒரே நாளில் ஐந்தாறு எண் வந்தால் ரகசியச் சொல்லை மாற்றிவிட வேண்டும். வாட்ஸ்அப் எண்ணாக இருந்தால், அதன் அமைப்புகளில் இரண்டாவதாக ஒரு ரகசிய எண் வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு இன்றைக்கே வைத்துவிட வேண்டும். வாட்ஸ்அப் பறிபோனால் நம் பணம் மட்டும் போவதில்லை. "ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், ஐயாயிரம் அனுப்பு" என்று நம் பெயரில் நம் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் மெசேஜ் போகும். மைத்துனன் அனுப்புவான், சம்பந்தி அனுப்புவார். இத்தனை நாள் சேர்த்த மானம் ஒரு மணி நேரத்தில் போகும்.

எண்ணை வாயால் கேட்காமலே எடுத்துக்கொள்ளும் வழிகளும் வந்துவிட்டன. நட்சத்திரக் குறியில் தொடங்குகிற ஒரு எண்ணை அழுத்தச் சொல்வார்கள். அழுத்தினால் நமக்கு வருகிற அழைப்பெல்லாம் அவன் போனுக்குத் திரும்பிவிடும். குரல் அழைப்பில் வரும் ஓ.டி.பி.யும் சேர்ந்து போகும். இந்தக் குறியீட்டு முறையில் அழைப்பைத் திருப்பிவிடும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்கும்படி தொலைத்தொடர்புத் துறையே கம்பெனிகளுக்கு உத்தரவு போட நேர்ந்தது. இன்னொரு தந்திரம், "இன்னொரு லைனில் நண்பர் இருக்கிறார், சேர்த்துவிடுங்கள்" என்பது. சேர்த்தால் அந்த லைனில் நண்பர் இருக்க மாட்டார், ஓ.டி.பி. சொல்லும் இயந்திரக் குரல் இருக்கும். அவன் நோகாமல் கேட்டுக்கொள்வான். 2025 பிப்ரவரியில் இதைப்பற்றி யு.பி.ஐ.யை நடத்துகிற தேசியப் பேமென்ட்ஸ் கார்ப்பரேஷன் எச்சரிக்கை விட்டது.

திருப்பதிக்கே உரிய ஒரு தொல்லையையும் சொல்லியாக வேண்டும். திருமலையில் முந்நூறு ரூபாய் தரிசன டிக்கெட்டும் அறையும் இணையத்தில் பதிய, போனுக்கு வரும் எண்ணைக் கொண்டுதான் உள்ளே போக வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்கள் "நீங்கள் திருப்பதியில்தானே இருக்கிறீர்கள், எப்படியாவது ஒரு டிக்கெட்" என்று நம்மவர்களைத்தான் பிடிக்கிறார்கள். நம்மவர் தெரிந்த புரோக்கரைப் பிடிக்கிறார். புரோக்கர் ஆதாரையும் போன் எண்ணையும் வாங்கிக்கொண்டு, "ஒரு நம்பர் வரும், சொல்லுங்கள்" என்கிறான். அந்த எண் தரிசனத்துக்கா, வேறு எதற்காவதா என்று யார் பார்த்தார்கள்? பெருமாள் பெயரைச் சொன்னால் நம் மக்களுக்குச் சந்தேகம் வருவதில்லை. இதை அவனும் அறிவான்.

போலி இணையதளமும் இங்கே பெரிய வியாபாரம். 2023 ஏப்ரலில் தேவஸ்தானம் போலீசில் புகார் கொடுத்தபோது, அதுவரை 40 போலி தளங்கள் மீது வழக்கு ஆகியிருந்தது, அது 41வது. அசல் முகவரியில் புள்ளி இருந்த இடத்தில் போலியில் ஒரு சின்னக் கோடு. கடைசியில் வேறு வால். இவ்வளவுதான் வித்தியாசம். இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிக்கிற ஒரு பூக்கட்டும் அம்மாளுக்குப் புள்ளிக்கும் கோட்டுக்கும் நடுவே உள்ள மோசடி எப்படித் தெரியும்? மலையில் மொட்டை போடவும் பூ விற்கவும் தோசை ஊற்றவும் வந்த நம் மக்களில் முகவரியைப் புள்ளி புள்ளியாகச் சரிபார்க்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

இனி, ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு என்றே உள்ள ஆபத்து. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம், ஏனெனில் வங்கிச் சுவரொட்டி எதிலும் நாம் இதைப் பார்த்ததில்லை. ஆற்காட்டிலிருந்தோ ஆரணியிலிருந்தோ ஒருவர் சித்தூருக்கு வேலைக்கு வருகிறார். தமிழ்நாட்டு சிம்மைக் கொஞ்ச நாள் வைத்திருக்கிறார். இங்கே மேஸ்திரி ஆந்திரா சிம் ஒன்று வாங்கித் தருகிறார். பழைய சிம்முக்குப் பணம் போடுவது நின்றுபோகிறது; அது செத்துப்போகிறது. ஆனால் ஊர் வங்கிக் கணக்கில், ஆதாரில், ரேஷன் கார்டில் பதிந்திருப்பது அந்தப் பழைய எண்தான். செத்த எண்ணை 90 நாள் கழித்துக் கம்பெனி வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது விதி. 2023ல் உச்ச நீதிமன்றத்திலேயே தொலைத்தொடர்பு ஆணையம் இதைச் சொன்னது. அதாவது, நம் கணக்கின் டோக்கன் முகம் தெரியாத ஒருவர் கைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது! அவர் நல்லவராக இருந்தால் நம் அதிர்ஷ்டம். அதேபோல, இங்கே புதிதாக வாங்கிய சிம்மில் முன்பு அதை வைத்திருந்தவருக்கான எண்கள் நமக்கு வரும். கேளாமல் எண் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். பயப்பட ஒன்றுமில்லை, யாருக்கும் சொல்லாமல் அழித்துவிட்டால் போதும்.

மாநிலம் மாறினால் எண்ணை மாற்ற வேண்டும் என்பதே இப்போது இல்லை. 2015 ஜூலை 3 முதல் பழைய எண்ணையே நாடு முழுவதும் எடுத்துச் செல்லலாம். ஆகவே வேலைக்குப் புறப்பட்டு வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: பழைய எண்ணை விடாதே. விட்டே தீர வேண்டுமானால், முதலில் வங்கிக்குப் போய்ப் புது எண்ணை எழுதிக்கொடு, பிறகு விடு. மேஸ்திரியின் போன் எண்ணைத் தன் கணக்கில் பதியவிட்டிருக்கும் தோழர்களும் இருக்கிறார்கள். கூலி வாங்கும் கணக்கின் சாவி மேஸ்திரியின் சட்டைப்பையில்! நகரி, புத்தூர்ப் பக்கத்துத் தறிக்கூடங்களிலும், செங்கல் சூளைகளிலும், கல் பாலிஷ் போடும் யூனிட்டுகளிலும் கிளைத் தோழர்கள் இதை ஒவ்வொருவரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது நம் மனத்தில் நெடுநாளாக எரிந்துகொண்டிருக்கிற விஷயத்துக்கு வருகிறோம். அந்த மெசேஜில் எண்ணைச் சுற்றி இரண்டு மூன்று வரி இங்கிலீஷ் இருக்கிறதே, அதில் என்ன இருக்கிறது? எதற்கான எண் என்பது அதில்தான் இருக்கிறது. உள்ளே நுழையவா, கணக்கிலிருந்து பணம் வெளியே போகவா, போனால் எத்தனை ஆயிரம், யாருக்கு என்பதெல்லாம் அந்த வரிகளில்தான் இருக்கிறது. "யாரிடமும் சொல்லாதே" என்ற எச்சரிக்கையும் அங்கேதான். இங்கிலீஷ் தெரியாதவருக்கு இந்த வரிகள் வெறும் கோலம். அவருக்குப் படிக்கத் தெரிவது இலக்கம் மட்டுமே. ஆகவே ஆபத்தான பாகம் அவருக்குச் சேர்கிறது, காப்பாற்றுகிற பாகம் சேர்வதில்லை. அவர் கண்ணுக்குச் சிலிண்டர் எண்ணும் நாற்பதாயிரம் ரூபாய் போகிற எண்ணும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஏன் இங்கிலீஷ்? சிக்கனம் என்பதைத் தவிர வேறு பெரிய காரணம் நமக்குத் தென்படவில்லை. இங்கிலீஷில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து பிடிக்கும். தமிழோ தெலுங்கோ ஆனால் 70தான். நம் எழுத்தில் கொம்பும் புள்ளியும்கூடத் தனித்தனியாக எண்ணப்படும். ஆகவே அதே செய்தியைத் தமிழில் அனுப்பினால் இரண்டு மூன்று செய்திகளின் செலவு. கோடிக் கணக்கில் அனுப்புகிற வங்கிக்கு அது ஒரு தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சில காசை மிச்சம் பிடித்ததால் வரும் நஷ்டத்தை யார் தலையில் கட்டுகிறார்கள்? மாங்கூழ்க்காரி தலையில்!

திருடன் தமிழில் பேசுகிறான். வங்கி இங்கிலீஷில் எச்சரிக்கிறது. இந்தப் போட்டியில் யார் ஜெயிப்பார்கள் என்பதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

வங்கிக் கிளைகளில் அறிவிப்பு மூன்று மொழியில் இருக்க வேண்டும் என்பார்கள்: இந்தி, இங்கிலீஷ், மாநில மொழி. ஆந்திராவில் மாநில மொழி தெலுங்கு. அதில் நமக்குக் குறை ஒன்றும் இல்லை. தெலுங்கு மக்களுக்குத் தெலுங்கில் மெசேஜ் வருகிறதா என்று கேட்டால் அவர்களும் உதட்டைத்தான் பிதுக்குகிறார்கள், இது அவர்களுக்கும் சேர்த்துக் கேட்கிற கேள்வி. ஆனால் 1960 ஏப்ரல் 1ல் திருத்தணி அந்தப் பக்கம் போய், சித்தூர் இந்தப் பக்கம் நின்ற நாளிலிருந்து, எல்லையோரத்துத் தமிழர்கள் அறிவிப்புப் பலகையில் தங்கள் எழுத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். சிறுபான்மை மொழியினர் 15 முதல் 20 சதவிகிதம் இருக்கும் பகுதிகளில் முக்கிய அறிவிப்புகளை அவர்கள் மொழியிலும் வெளியிட வேண்டும் என்று 1956லேயே மத்திய அரசு ஒரு குறிப்பாணை செய்தது. அரசியல் சட்டத்தின் 350வது பிரிவு, ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறையை எழுதிக்கொடுக்கும் உரிமையைத் தருகிறது. அந்த நாளில் நோட்டீஸ் என்றால் காகிதம். இன்றைக்கு ஏழையின் வீடு வரைக்கும் வருகிற நோட்டீஸ் இந்தக் குறுஞ்செய்திதான். 1956ன் வாக்குறுதி இதற்கும் பொருந்தும் என்பது நம் கட்சி.

பணம் போய்விட்டால் என்ன செய்வது? அழுதுகொண்டு உட்காரக்கூடாது, வெட்கப்பட்டு மறைக்கவும் கூடாது. ஆண்கள் பெண்டாட்டியிடம் மறைக்கிறார்கள், டுவாக்ரா குழுப் பெண்கள் குழுவிடம் மறைக்கிறார்கள். அந்த இரண்டு நாளில் பணம் பத்துக் கணக்கு தாண்டிப் போய்விடுகிறது. உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். 2021ல் வேறு எண்ணோடு தொடங்கி, பிறகு 1930 ஆன தேசிய உதவி எண் இது. பணம் அடுத்த கணக்கில் நிற்கும்போதே முடக்கிவிடச் சொல்லி வங்கிகளுக்குத் தகவல் அனுப்புவதுதான் இதன் வேலை. எனவே ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. போன் செய்த கையோடு வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் நேரமும் கேட்டு வாங்க வேண்டும்.

இந்த நேரம் ஏன் முக்கியம்? 2017 ஜூலை 6ல் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வாடிக்கையாளர் மீதும் வங்கி மீதும் குற்றமில்லாமல் இடையில் எவனோ திருடியிருந்தால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டம் ஏதுமில்லை, வங்கியே ஏற்க வேண்டும் என்றது அது. வாடிக்கையாளரே எண்ணைச் சொல்லியிருந்தால், அவர் புகார் தரும்வரை போனது அவருடையது; புகார் தந்த பிறகு போகிற ஒவ்வொரு ரூபாயும் வங்கியுடையது. வாடிக்கையாளர்தான் குற்றவாளி என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பும் வங்கியைச் சேர்ந்தது. கவுண்ட்டரில் உட்கார்ந்து "நீயே சொன்னாய்" என்று வாயால் தீர்ப்புச் சொல்வது நிரூபணம் ஆகாது. கிளைச் செயலாளர்கள் இந்தச் சுற்றறிக்கையின் தேதியை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வது நல்லது. தேதி சொல்லிக் கேட்டால் நாற்காலி கொஞ்சம் நகர்கிறது என்பது நம் அனுபவம். வங்கி 30 நாளில் சரியான பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

அந்தப் பக்கத்தில் பேசுகிறவன் யார் என்பதிலும் நமக்கு ஒரு வார்த்தை உண்டு. ஜார்க்கண்டின் ஜாம்தாரா இந்தத் தொழிலுக்குப் பெயர்போனது; வேலையில்லாத பையன்கள் மரத்தடியில் உட்கார்ந்து செய்ததாக ஊரெல்லாம் பேசியது. இப்போது அது கம்பெனியாகிவிட்டது. 2024 மே மாதம் விசாகப்பட்டினம் போலீஸ் ஒரு கும்பலைப் பிடித்தது. டேட்டா என்ட்ரி வேலை என்று ஆந்திர இளைஞர்களைக் கம்போடியாவுக்கு அனுப்பி, அங்கே அடைத்துவைத்து மோசடி போன் பேசவைத்தார்கள். 2025 மார்ச்சில் மியான்மர் எல்லையிலிருந்து இப்படி மாட்டிக்கொண்ட 549 இந்தியர்களை விமானப்படை விமானங்களில் கொண்டுவந்தார்கள். ஆக, நம் தங்கையை ஏமாற்றுகிற குரல் நம் தம்பியின் குரலாகவும் இருக்கலாம், அவன் முதுகுக்குப் பின்னால் ஒருவன் தடியோடு நிற்கலாம். வெளிநாட்டு வேலை என்று ஏஜென்ட் வந்தால், கம்பெனிப் பெயரும் விசா வகையும் பார்க்காமல் எந்த வீட்டுப் பையனையும் அனுப்பாதீர்கள். இதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

2023ல் நாடு முழுவதும் இத்தகைய இணைய மோசடிகளில் மக்கள் இழந்ததாகப் பதிவான தொகை 7,465 கோடி ரூபாய். 2024ல் அது 22,845 கோடி. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு. நாடாளுமன்றத்தில் அரசே கொடுத்த கணக்கு இது. இத்தனை பேரும் புத்தியில்லாதவர்களா? பூட்டின் அமைப்பிலேயே கோளாறு இருக்கிறது என்று எப்போது ஒப்புக்கொள்வார்கள்?

இரண்டு மாவட்டத்தின் முன்னோடி வங்கி மேலாளர்களிடமும் கலெக்டர்களிடமும் மனுக் கொடுக்க இருக்கிறோம். கணக்குத் தொடங்கும் படிவத்தில் குறுஞ்செய்தி எந்த மொழியில் வேண்டும் என்று ஒரு கட்டம் வேண்டும். அதில் தமிழும் இருக்க வேண்டும். பணம் வெளியே போகிற எண்ணுக்கும் மற்ற எண்ணுக்கும் படிக்கத் தெரியாதவரும் வித்தியாசம் காணும்படி ஓர் அடையாளம் வேண்டும். நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம், சித்தூர் நகரம் ஆகிய இடங்களின் வங்கிக் கிளைகளில் எச்சரிக்கைப் பலகை தமிழிலும் இருக்க வேண்டும். புகாரைத் தமிழில் எழுதிக்கொடுத்தால் திருப்பி அனுப்பக்கூடாது. மனுவில் கையெழுத்து வாங்கும் தாள்கள் கிளைகளுக்குத் தனியே வருகின்றன.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். இங்கிலீஷ் படிக்காதவர்களுக்கு ஒரு சிறு உபாயம்: மெசேஜில் ஆறு இலக்க எண்ணைத் தவிர, ரூபாய் அடையாளத்தோடோ புள்ளி வைத்த இரண்டு சைபரோடோ இன்னொரு எண் தென்பட்டால், அது பெரும்பாலும் போகப்போகிற தொகை. போனை அப்படியே வைத்துவிட்டு, படித்த பிள்ளை யாரிடமாவது காட்ட வேண்டும். தொகை தென்படாவிட்டாலும், நாம் கேட்காமல் வந்த எண் என்றால் சட்டம் ஒன்றுதான், வாய் திறக்கக்கூடாது. ஒவ்வொரு கிளையும் அடுத்த கூட்டத்துக்கு முன் மூன்று விவரம் எழுதிக்கொண்டு வரட்டும்: வங்கிக் கணக்கில் செத்துப்போன எண் வைத்திருப்பவர் எத்தனை பேர், மேஸ்திரி எண் வைத்திருப்பவர் எத்தனை பேர், பணம் இழந்தும் புகார் கொடுக்காதவர் எத்தனை பேர். முதல் இரண்டு வகையினரை ஒரு விடுமுறை நாள் பார்த்து, பாஸ்புக்கும் ஆதாரும் எடுத்துக்கொண்டு, சேர்ந்தே வங்கிக்கு அழைத்துப் போகலாம். தனியாகப் போனால் நாளைக்கு வா என்பார்கள், இருபது பேராகப் போனால் அன்றைக்கே முடியும். மூன்றாவது வகையினரின் புகாரை எழுதித் தர சங்க அலுவலகத்தில் தினமும் மாலை ஆறு மணிக்கு மேல் ஆள் இருப்பார்.